யூதர்கள் மதம் மாற்றுவதில்லை என்பது எவ்வளவு தூரம் உண்மை?

உங்கள் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. யூத மதம் ஆள் சேர்க்காத மதம் என்று படித்திருக்கிறீர்கள். ஆனால் நியூயார்க் தெருவில் கறுப்புத் தொப்பி போட்ட இளைஞர்கள் போகிற வருகிறவர்களை நிறுத்தி, கையில் தோல்வாரைச் சுற்றிவிடுவதை வீடியோவில் பார்த்தீர்கள். மிசோரத்திலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் ஆயிரக்கணக்கானவர்கள் யூதர்களாகி இஸ்ரேலுக்குப் போனதைச் செய்தியில் பார்த்தீர்கள். இன்னொரு பக்கம், டொராண்டோவில் இருக்கும் உங்கள் நண்பர் யூதராக மாற விரும்பி ஒரு ரப்பிக்கு (யூத மத குருவுக்கு) இரண்டு முறை எழுதியும் பதிலே வரவில்லை. இதில் எதை நம்புவது, யூதர்களுக்குள்ளேயே இதைப் பற்றிச் சண்டை உண்டா என்று கேட்கிறீர்கள். எனக்குப் புரிந்த வரையில், நீங்கள் கேட்பதன் சாரம் இதுதான்: வாசலுக்கு வந்தவரைத் திருப்பி அனுப்பும் மதம், தெருவில் இறங்கி யாரைத் தேடுகிறது?

கல்லூரியில் இருபது வருடங்களுக்கு மேல் சமய வரலாறு நடத்தியிருக்கிறேன். அதற்காக எபிரேயம் படித்தேன். எருசலேமில் சில மாதங்கள் தங்கியும் இருக்கிறேன். நான் யூதன் இல்லை. ஆகவே நூல்களும் சட்டமும் என்ன சொல்கின்றன என்பதை உறுதியாகச் சொல்வேன். ஒரு யூத வீட்டுக்குள் இந்த விவகாரம் எப்படி வலிக்கிறது என்பதை மற்றவர்கள் சொல்லக் கேட்ட அளவில்தான் அறிவேன். அந்த வரம்பை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

எருசலேமில் மேற்குச் சுவருக்கு முன்னால் இருக்கும் முற்றத்தில் ஹபாத் என்ற, பழைய சட்டத்தை முழுதாகக் கடைப்பிடிக்கும் யூத இயக்கத்தினர் மேசை போட்டு நிற்பார்கள். (2008-ல் மும்பை நாரிமன் ஹவுஸ் தாக்கப்பட்டபோது நம் செய்தித்தாள்கள் 'சபாத் இல்லம்' என்று எழுதியது இவர்களுடைய இல்லத்தைத்தான்.) நான் போன அன்று, இருபது வயது தாண்டாத ஒரு பையன் என் எதிரில் வந்து, "நீங்கள் யூதரா?" என்று கேட்டான். இல்லை என்றேன். சிரித்த முகத்தோடு வாழ்த்துச் சொல்லிவிட்டு, எனக்குப் பின்னால் வந்தவரிடம் போய்விட்டான். ஒரு துண்டுப் பிரசுரம்கூட எனக்குத் தரவில்லை. பின்னால் வந்தவருக்கு அறுபது வயது இருக்கும். அரைக்கால் சட்டை, கழுத்தில் கேமரா. ஆம், யூதர்தான் என்றார். உடனே அவருடைய இடது கையில் தெஃபிலின் கட்ட ஆரம்பித்தார்கள். யூத வேதமான தோராவின் வசனங்கள் எழுதிய தோல்சுருளை உள்ளே வைத்த சிறிய கறுப்புப் பெட்டி அது. பெட்டியை மேற்கையில், இதயத்தைப் பார்த்தாற்போல் வைத்து, வாரை முன்கையில் ஏழு சுற்று சுற்றினார்கள். இன்னொரு பெட்டியை நெற்றிக்கு மேலே, முடி தொடங்கும் இடத்தில் பொருத்தினார்கள். பையன் ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, அவர் திருப்பிச் சொன்னார்: "இஸ்ரவேலே, கேள்: நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்." ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கடைசியாக இதைக் கட்டியது பதின்மூன்று வயதில் என்று அவர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

நீங்கள் வீடியோவில் பார்த்ததும் இதுவேதான். அவர்கள் யூதரல்லாதவரை யூதராக்கவில்லை. யூதராகப் பிறந்து, அனுஷ்டானத்தை விட்டு விலகிப்போனவரைத் திரும்ப அழைக்கிறார்கள். இதற்கு எபிரேயத்தில் 'கிருவ்' என்று பெயர். அருகே கொண்டுவருதல் என்று பொருள். வேறு மதத்தவர் ஒருவர் யூதராக மாறுவது 'கியூர்'. இரண்டுக்கும் சட்டம் வேறு, ஆட்கள் வேறு, மனநிலையும் வேறு. தமிழில் இரண்டையும் 'மதப் பிரசாரம்' என்றே சொல்லிவிடுவதால் குழப்பம் வருகிறது. முதலாவதைச் செய்வதில் ஹபாத்தை மிஞ்ச ஆளில்லை. இரண்டாவதற்கு ஆள் தேடுவதில்லை என்பதில் அதே ஹபாத் உறுதியாக இருக்கிறது.

ஏன் தேடுவதில்லை? கிறிஸ்தவ ஊழியர் ஒருவர் வீடு வீடாகப் போகிறார் என்றால், கேட்பவரின் மீட்பு அந்தச் செய்தியில்தான் இருக்கிறது என்று நம்பிப் போகிறார். யூத மதத்தில் அந்த அவசரம் இல்லை. மற்ற இனத்தாரில் நீதிமான்களுக்கு மறுமையில் பங்கு உண்டா என்று பழைய ரப்பிகள் வாதாடியிருக்கிறார்கள். எலியேசர் இல்லை என்றார், யோசுவா உண்டு என்றார். யோசுவா சொன்னதுதான் நிலைத்தது. யூதருக்கு 613 கட்டளைகள். மற்ற மனிதர்களுக்கு நோவாவின் வழிவந்த ஏழு போதும். விக்கிரக வழிபாடு, தெய்வ நிந்தனை, கொலை, தகாத உறவு, திருட்டு, உயிரோடிருக்கும் மிருகத்தின் உறுப்பை வெட்டித் தின்பது ஆகிய ஆறும் கூடாது. நியாயம் வழங்க நீதிமன்றம் வேண்டும் என்பது ஏழாவது. இந்த ஏழைக் காத்து நடப்பவர் யூதராக வேண்டிய தேவையே இல்லை.

விக்கிரக வழிபாடு என்றதும் இந்துக்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று உங்களுக்குத் தோன்றும். அதைப் பேச 2007-ல் டெல்லியிலும் 2008-ல் எருசலேமிலும் இந்து, யூத மதத் தலைவர்கள் கூடினார்கள். இந்துக்கள் தரப்பில் முன்னின்றவர் நம் ஊர்க்காரர்: திருவாரூர் பக்கம் மஞ்சக்குடியில் பிறந்து, கோவை ஆனைகட்டியில் குருகுலம் நடத்திய சுவாமி தயானந்த சரஸ்வதி. இரண்டு மரபுகளும் ஒரே பரம்பொருளைத்தான் போதிக்கின்றன என்று கூட்டறிக்கையில் எழுதினார்கள். எல்லா ரப்பிகளும் இதை ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் மதமாற்றத்தைக் கடுமையாக எதிர்த்த தயானந்தர் யூதர்களோடு அவ்வளவு எளிதாக உட்கார்ந்து பேச முடிந்ததற்கு, அந்தப் பக்கத்திலிருந்து யாரும் ஆள் பிடிக்க வரமாட்டார்கள் என்ற தெளிவும் ஒரு காரணம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இனி, உங்கள் நண்பருக்குப் பதில் வராத விஷயம். பழைய ரப்பிகளின் சட்ட விவாதங்களைத் தொகுத்த தல்மூதில், யெவாமோத் என்ற பகுதியில், மாற வருகிறவரை எப்படி நடத்துவது என்று ஒரு காட்சியே எழுதிவைத்திருக்கிறார்கள். வந்தவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: "எதைக் கண்டு இங்கே வந்தாய்? இஸ்ரவேலர் இந்தக் காலத்தில் நொந்து, நசுக்கப்பட்டு, துன்பத்தில் கிடக்கிறார்கள் என்று உனக்குத் தெரியாதா?" அவர், "தெரியும், அவர்களோடு சேரக்கூட நான் தகுதியில்லாதவன்" என்று சொன்னால், அப்போதே ஏற்றுக்கொள்ள வேண்டும். பிறகு லேசான கட்டளைகளில் சிலவற்றையும் கடினமான கட்டளைகளில் சிலவற்றையும் சொல்ல வேண்டும். அதிகமாகச் சொல்லி மிரட்டக் கூடாது. மாணவர்களோடு இதைப் படிக்கும்போதெல்லாம் நான் நிறுத்துவது அந்த 'அப்போதே' என்ற இடத்தில்தான். முதலில் தள்ளு, ஆனால் மெல்லத் தள்ளு, நிற்கிறவனை உடனே உள்ளே விடு என்கிறது தல்மூத். மூன்று முறை திருப்பி அனுப்ப வேண்டும் என்று பரவலாகச் சொல்வார்கள். அது விவிலியத்தில் வரும் ரூத்தின் கதையிலிருந்து வந்தது. மாமியார் நகோமி மூன்று முறை "திரும்பிப் போ" என்கிறாள். ரூத்தோ, "உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம், உம்முடைய தேவன் என்னுடைய தேவன்" என்கிறாள். வேற்று நாட்டுப் பெண்ணான அந்த ரூத்தின் வழியில்தான் தாவீது ராஜா பிறக்கிறார்.

தல்மூதுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மாறி வந்தவர்கள் இஸ்ரவேலுக்குத் தோலில் வந்த சொறியைப் போல என்றார் ரப்பி ஹெல்போ. கேட்கவே சங்கடமான வாக்கியம். ரப்பி எலெயாசர் நேர் எதிராகச் சொன்னார்: இஸ்ரவேலரைக் கடவுள் நாடு நாடாகச் சிதறடித்ததே, போன இடங்களில் மாறி வருகிறவர்கள் அவர்களோடு சேர வேண்டும் என்பதற்காகத்தான். பிற்காலத்தில் ஹெல்போவின் வாக்கியத்துக்கு உரை எழுதியவர்களில் ஒருவர் ஆபிரகாம் என்பவர். அவரே மாறி வந்தவர். அவர் சொன்ன விளக்கம் என் மனதை விட்டு அகலாதது. மாறி வந்தவர்கள் கட்டளைகளை அத்தனை கவனமாகக் கடைப்பிடிக்கிறார்கள்; அதைப் பார்த்துப் பிறவி யூதர்கள் வெட்கப்பட வேண்டியிருக்கிறது; அதனால்தான் கஷ்டம் என்றார்.

இதுவரை சொன்னது நூல்களில் உள்ளது, அதில் சந்தேகமில்லை. அடுத்து வருவதில் அறிஞர்களே பிரிந்து நிற்கிறார்கள். பழங்கால யூதர்கள் மதம் பரப்பினார்களா? மத்தேயு நற்செய்தியில் இயேசு பரிசேயரைக் கண்டிக்கும்போது, ஒருவனை உங்கள் மார்க்கத்தானாக்கக் கடலையும் நிலத்தையும் சுற்றித் திரிகிறீர்கள் என்கிறார். இந்த வசனத்தையும், ரோமப் பேரரசில் யூதர் தொகை அதிகமாக இருந்ததையும் வைத்து, பெரிய அளவில் மதப் பரப்பல் நடந்தது என்று லூயிஸ் ஃபெல்ட்மன் போன்றவர்கள் வாதிட்டார்கள். விரும்பி வந்தவர்களைச் சேர்த்துக்கொண்டார்களே தவிர, போய் அழைக்கவில்லை என்பது மார்ட்டின் குட்மனின் கட்சி. எனக்கு இரண்டாவது தரப்புதான் வலுவாகத் தெரிகிறது, ஆனால் இது முடிந்த வழக்கு இல்லை. வலுக்கட்டாயமாக மாற்றிய நிகழ்ச்சி ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யோவான் ஹிர்கானஸ் என்ற யூத ஆட்சியாளன் ஏதோமியரை வென்று, விருத்தசேதனம் (ஆண்குறியின் நுனித்தோலை நீக்கும் சடங்கு) செய்துகொள்ளுங்கள், இல்லையென்றால் நாட்டை விட்டுப் போங்கள் என்றான். பின்னாளில் யூதேயாவை ஆண்ட ஏரோது அந்த ஏதோமிய வழியில் வந்தவன்.

விரும்பி வந்தவர்களுக்கு நல்ல உதாரணம் அதியாபேனே அரச குடும்பம். இன்றைய வட ஈராக் பக்கத்துச் சிற்றரசு அது. கி.பி. முதல் நூற்றாண்டில் அரசி ஹெலெனாவும் மகன் இசாத்தெஸும் யூத மார்க்கத்தைத் தழுவினார்கள். இளவரசனுக்குக் கற்பித்த அனனியா என்ற வியாபாரி, விருத்தசேதனம் இல்லாமலே கடவுளை வணங்கலாம், ஊரார் கலகம் செய்வார்கள், வேண்டாம் என்கிறார். பிறகு கலிலேயாவிலிருந்து வந்த எலெயாசர், சட்டத்தைப் படித்தால் போதுமா, அதன்படி செய்ய வேண்டாமா என்று கேட்கிறார். இசாத்தெஸ் செய்துகொள்கிறான். வாசலை அகலத் திறப்பதா, முழுதும் ஏற்கிறவனுக்கு மட்டும் திறப்பதா என்று இன்று நடக்கும் சண்டை அன்றே அந்த அரண்மனைக்குள் நடந்திருக்கிறது. வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ் அதை அப்படியே பதிவுசெய்து வைத்திருக்கிறார்.

அப்புறம் வாசலைச் சாத்தியது யூதர்கள் மட்டும் இல்லை. ரோமப் பேரரசு கிறிஸ்தவமான பிறகு, ஒருவரை யூதராக்குவது தண்டனைக்குரிய குற்றமானது. முஸ்லிம் ஆட்சிகளிலும் ஒரு முஸ்லிமை மாற்றுவது மரணத்தை அழைப்பதுதான். 1222-ல் இங்கிலாந்தில், ஒரு யூதப் பெண்ணின் மேல் காதல் கொண்டு யூதராக மாறிய திருச்சபைத் தொண்டர் ஒருவரை ஆக்ஸ்ஃபோர்டில் உயிரோடு எரித்தார்கள். ஒருவனைச் சேர்த்துக்கொண்டால் ஒரு தெருவே பற்றி எரியும் என்ற பயத்தில் ஆயிரத்துச் சொச்சம் வருடம் வாழ்ந்த சமூகம் அது. அந்தப் பயம் பழக்கமாயிற்று, பழக்கம் கொள்கையாயிற்று. 1769-ல் லாவாத்தர் என்ற பாதிரியார், கிறிஸ்தவத்தை மறுத்துக் காட்டுங்கள் அல்லது மாறுங்கள் என்று பகிரங்கமாகச் சவால் விட்டபோது, பெர்லினில் இருந்த யூதத் தத்துவஞானி மோசஸ் மெண்டல்சோன், எங்கள் மதம் ஆள் தேடுவதில்லை, கன்ஃபூசியஸ் இன்று உயிரோடு இருந்தாலும் அவரை மாற்றாமலே என்னால் நேசிக்க முடியும் என்று பதில் எழுதினார். 'மதம் மாற்றாத மதம்' என்ற பெயர் யூதத்துக்கு ஒரு பெருமையாக ஆனது ஏறக்குறைய அங்கிருந்துதான்.

இந்தப் பெருமையை உள்ளேயிருந்தே ஒருவர் கேள்வி கேட்டார். 1978 டிசம்பரில், ஹூஸ்டனில், பழைய சட்டத்தைத் தளர்த்திக்கொண்ட அமெரிக்க சீர்திருத்தப் பிரிவு யூத சபைகளின் தலைவர் ரப்பி அலெக்ஸாண்டர் ஷிண்ட்லர், கலப்பு மணம் செய்துகொண்ட குடும்பங்களை விலக்கிவைப்பதை நிறுத்துவோம், எந்தச் சபையிலும் சேராத அமெரிக்கர்களுக்கும் நம் மதத்தை வெட்கப்படாமல் அறிமுகம் செய்வோம் என்றார். ஆபிரகாமும் சாராளும் ஆரானில் 'சம்பாதித்த ஜனங்கள்' என்று ஆதியாகமத்தில் வருகிறது. அது அவர்கள் மதம் மாற்றிய மக்கள்தான், ஆண்களை ஆபிரகாமும் பெண்களை சாராளும் கொண்டுவந்தார்கள் என்று பழைய உரைகள் சொல்கின்றன. முதல் யூதரே மதம் பரப்பியவர் என்றால், நாம் ஏன் தயங்க வேண்டும் என்பது இந்தத் தரப்பின் வாதம். மறுப்பு உடனே வந்தது. பழைய சட்டத்தை அப்படியே பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் பிரிவின் ரப்பிகள், கட்டளைகளை ஏற்காதவரை யூதராக்குவது அவரையும் ஏமாற்றுவது, நம்மையும் ஏமாற்றுவது என்றார்கள். சொந்தப் பிள்ளைகளுக்கே தோரா தெரியாமல் இருக்கும்போது அடுத்த வீட்டுக்கு ஏன் போக வேண்டும் என்றார்கள் வேறு சிலர். அந்த இரண்டாவது கேள்விக்கு எளிதில் பதில் சொல்ல முடியாது.

ஷிண்ட்லர் அப்படிப் பேசியதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியும்படியே இருந்தது. பியூ ஆய்வு மையம் 2020-ல் எடுத்த கணக்கின்படி, 1980-க்கு முன் திருமணமான அமெரிக்க யூதர்களில் 18 சதவீதத்தினர்தான் யூதரல்லாதவரை மணந்தவர்கள். 2010-க்குப் பிறகு மணமுடித்தவர்களில் அது 61 சதவீதம். ஆர்த்தடாக்ஸ் பிரிவினரைக் கழித்துப் பார்த்தால் 72 சதவீதம். 1939-ல் உலகில் ஒன்றரைக் கோடிக்கும் மேல் யூதர்கள் இருந்தார்கள்; ஹிட்லர் 60 லட்சம் பேரைக் கொன்றான்; அந்தத் தொகை இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. இந்த எண்களை வைத்துப் பார்த்தால்தான் இந்தச் சண்டையில் இருக்கும் உணர்ச்சி புரியும். ஒரு பேரப்பிள்ளை யூதனாக இருப்பானா மாட்டானா என்பது அவர்களுக்குச் சமயத் தத்துவக் கேள்வி மட்டும் இல்லை.

இதே இழப்புக்கு ஹபாத் வேறு விதமாகப் பதில் சொன்னது. புரூக்ளினில் 1951-ல் தலைமை ஏற்ற ரப்பி மெனாகெம் மெண்டல் ஷ்னேயர்சன், இளம் தம்பதிகளைத் திரும்பி வராத பயணமாக ஊர் ஊருக்கு அனுப்பினார். தெஃபிலின் இயக்கத்தைத் தொடங்கியது 1967-ல், ஆறு நாள் போருக்குச் சற்று முன். இன்று 100-க்கு மேற்பட்ட நாடுகளில் 5000-க்கும் அதிகமான தம்பதிகள் இருக்கிறார்கள். மும்பையில் 26/11 அன்று கொல்லப்பட்ட ஹோல்ட்ஸ்பெர்க் தம்பதியும் அப்படிப் போனவர்கள்தான். இதற்கு அடிப்படை பன்னிரண்டாம் நூற்றாண்டு மேதை மைமோனிதஸ் சொன்ன ஒரு கருத்து. விலகிப்போன பெற்றோரிடம் வளர்ந்த பிள்ளை, எதிரிகள் கையில் சிக்கி வளர்ந்த குழந்தையைப் போன்றது, அதன்மேல் குற்றமில்லை, அன்பால் இழுத்துக்கொள் என்றார் அவர். இரக்கமான கருத்துதான். ஆனால் படித்து, யோசித்து, கடவுள் இல்லை என்று முடிவெடுத்த ஐம்பது வயதுக்காரரைப் பார்த்து, நீ சிக்கிக்கொண்ட குழந்தை என்றால் அவருக்கு எப்படி இருக்கும்? மதச்சார்பற்ற யூதர்கள் பலருக்கு கிருவ் மீது இருக்கும் கோபம் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

கிருவ் மீது வைக்கப்படும் குற்றச்சாட்டுகளில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது நேர்மை பற்றியது. எருசலேமில் 1974-ல் தொடங்கிய எய்ஷ் ஹதோரா என்ற அமைப்பு, இளைஞர்களுக்கு நடத்திய கருத்தரங்குகளில் 'தோரா சங்கேதம்' என்பதைப் பயன்படுத்தியது. தோராவின் எழுத்துகளை இத்தனைக்கு ஒன்று என்று தாண்டித் தாண்டிப் படித்தால், பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு பிறந்த ரப்பிகளின் பெயர்களும் தேதிகளும் அருகருகே கிடைக்கின்றன என்பது அதன் சாரம். 1994-ல் ஒரு மதிப்புள்ள புள்ளியியல் இதழில் இதைப் பற்றிய கட்டுரையே வந்தது. 1999-ல் அதே இதழில் நான்கு அறிஞர்கள், பெயர்ப் பட்டியலைத் தேர்ந்தெடுப்பதில் இருந்த தாராளம்தான் அந்த அதிசயம் என்று காட்டினார்கள். இதற்கிடையில் அதை நம்பி வாழ்க்கையை மாற்றிக்கொண்டவர்கள் என்ன செய்வார்கள்? யூதச் சட்டத்திலேயே 'மனத்தைத் திருடுதல்' என்று ஒரு குற்றம் இருக்கிறது: பொருளைத் திருடாமல், பொய்யான எண்ணத்தை ஊட்டி ஒருவரை ஏமாற்றுவது. எந்த மதத்தவரிடமும் அதைச் செய்யக் கூடாது என்கிறது தல்மூத். கிருவ் செய்கிறவர்களுக்கு எதிராக ரப்பிகள் எடுத்த அளவுகோல் வெளியே இருந்து வந்ததல்ல, அது அவர்களுடைய சொந்த வீட்டுத் தராசு.

சரி, கிருவ் உள்ளே இருப்பவருக்கு, கியூர் வெளியே இருப்பவருக்கு என்று பிரித்தாயிற்று. ஆனால் வேலி எங்கே இருக்கிறது? மேற்குச் சுவர் முற்றத்துக்கே திரும்பி வாருங்கள். "நீங்கள் யூதரா?" என்ற கேள்விக்கு ஒருவர், "அப்பா யூதர், அம்மா இல்லை" என்று பதில் சொன்னால், ஆர்த்தடாக்ஸ் சட்டப்படி அவர் யூதரல்ல, தெஃபிலின் கிடையாது, வேண்டுமானால் கியூர் வழியாக வர வேண்டும். அதே ஆள் அமெரிக்காவில் யூதராகவே வளர்க்கப்பட்டிருந்தால், 1983-ல் சீர்திருத்த ரப்பிகள் எடுத்த முடிவின்படி அவர் யூதர். இஸ்ரேலில் இன்னொரு வேலி. 1970-ல் திருத்தப்பட்ட திரும்புரிமைச் சட்டம், தாத்தாவோ பாட்டியோ ஒருவர் யூதராக இருந்தாலே குடியுரிமை தருகிறது. அப்படி முன்னாள் சோவியத் நாடுகளிலிருந்து வந்து, ராணுவத்தில் சேர்ந்து, எபிரேயம் பேசி வாழும் லட்சக்கணக்கானவர்களை ரப்பினேட் (யூதத் திருமணம் போன்றவற்றை முடிவுசெய்யும் அரசு ரப்பி அமைப்பு) யூதர்களாக ஏற்பதில்லை, உள்நாட்டில் அவர்களுக்குத் திருமணம் செய்துவைப்பதுமில்லை. அவர்களை மாற்ற அமைத்த சிறப்பு நீதிமன்றங்களுக்குத் தலைமை தாங்கினார் ரப்பி ஹயிம் துருக்மான். 2008-ல் உயர் ரப்பி நீதிமன்றம் அவர் செய்த மாற்றங்கள் செல்லாது என்றது. ஓய்வுநாளைக் கடைப்பிடித்துப் பிள்ளை பெற்று வளர்த்த பெண்கள், நீ யூதச்சியே இல்லை என்று சொல்லக் கேட்டார்கள். பின்னால் அந்தத் தீர்ப்பு நிலைக்கவில்லை. ஆனாலும் அந்தப் பயம் போகவில்லை. யூதர்களுக்குள் நடக்கும் சண்டையின் வேர் ஆள் சேர்க்கலாமா கூடாதா என்பதில் இல்லை, யார் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார் என்பதில் இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

மிசோரம், மணிப்பூர் மக்களின் கதை இந்த வேலியின் மேலேயே நடக்கிறது. பினே மெனாஷே என்று தங்களை அழைத்துக்கொள்ளும் அவர்கள், விவிலியம் சொல்லும் இஸ்ரவேல் கோத்திரங்களில் காணாமற்போன மனாசே கோத்திரத்தின் வழிவந்தவர்கள் என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு வரலாற்றுச் சான்று என்று ஒப்புக்கொள்ளத்தக்கது எதுவும் கிடைக்கவில்லை. 2005-ல் இஸ்ரேலின் தலைமை ரப்பி ஷ்லோமோ அமார் அவர்களை இஸ்ரவேலின் வழித்தோன்றல்கள் என்று ஏற்றார். இருந்தாலும் முறைப்படி கியூர் செய்தாக வேண்டும் என்றார். அந்த ஆண்டே ரப்பிகள் மிசோரம் வந்து இருநூறுக்கும் மேற்பட்டோரை மாற்றினார்கள். இந்திய அரசு ஆட்சேபித்தது. அதன் பிறகு, இஸ்ரேல் போய்ச் சேர்ந்தபின் மாற்றுவது என்று ஏற்பாடாயிற்று. இது மதமாற்றமா, திரும்ப அழைத்தலா? நடத்திவைத்த ஷாவே இஸ்ரேல் அமைப்பு இரண்டாவது என்கிறது. இஸ்ரேலிலேயே சிலர், பாலஸ்தீன நிலத்தில் அமைத்த குடியேற்றப் பகுதிகளை நிரப்ப ஆள் கொண்டுவருகிறார்கள் என்று குற்றம்சாட்டினார்கள்; 2003-ல் உள்துறை அமைச்சராக இருந்த அவ்ராகாம் போராஸ் அவர்கள் வருகையை நிறுத்தியும் வைத்தார். ஆனால் அந்த மக்கள் யாரும் வந்து அழைப்பதற்கு முன்பே, 1970-களில் தாங்களாகவே ஓய்வுநாளை அனுசரிக்கத் தொடங்கியவர்கள். அதை விட்டுவிட்டு இதை வெறும் அரசியலாகப் பார்ப்பது நியாயமில்லை.

உங்கள் நண்பருக்கு வருகிறேன். பதில் வராததை மறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த ரப்பி மின்னஞ்சலைப் பார்க்காமலே இருந்திருக்கலாம், அல்லது பழைய வழக்கப்படி, மூன்றாவது முறை வருகிறாரா என்று காத்திருக்கலாம். எழுதுவதைவிட நேரில் போவது நல்லது: முன்கூட்டிச் சொல்லிவிட்டு ஓய்வுநாள் வழிபாட்டுக்குப் போய்ப் பின்வரிசையில் உட்காரட்டும். டொராண்டோவில் சீர்திருத்தம், ஆர்த்தடாக்ஸுக்கும் அதற்கும் நடுவில் நிற்கும் கன்சர்வேட்டிவ், ஆர்த்தடாக்ஸ் மூன்றும் உண்டு. எதில் சேர்கிறார் என்பது பின்னால் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும், அதைத் தொடக்கத்திலேயே அவர் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் இரண்டில் ஒரு வருடம் போல வகுப்பு, பிறகு மூன்று பேர் அடங்கிய ரப்பி மன்றம், மிக்வே என்ற நீர்நிலையில் முழுக்கு. ஆர்த்தடாக்ஸில் பொதுவாக இன்னும் அதிகக் காலம் ஆகும். ஓய்வுநாளில் வண்டி ஓட்டக் கூடாது என்பதால் ஜெப ஆலயத்துக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு மாற்றச் சொல்வார்கள். ஆண் என்றால் விருத்தசேதனம் உண்டு. ஏற்கெனவே ஆகியிருந்தால் ஒரு சொட்டு ரத்தம். வெளிநாட்டில் சீர்திருத்த, கன்சர்வேட்டிவ் முறையில் மாறியவரை இஸ்ரேல் அரசு குடியுரிமைக்கு ஏற்கிறது, ரப்பினேட் திருமணத்துக்கு ஏற்காது. அவர் மணக்க நினைப்பவர் ஒருவேளை புரூக்ளின் சிரிய யூத சமூகத்தைச் சேர்ந்தவர் என்றால், அங்கே 1935-லிருந்தே மாறி வந்தவர்களை மணமுடிக்கத் தடை இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. இஸ்லாமிலிருந்து யூதராக மாறிய ஒபதியா என்பவர், மைமோனிதஸுக்கு ஒரு சந்தேகம் எழுதினார். ஜெபத்தில் "எங்கள் பிதாக்களின் தேவனே" என்று வருகிறதே, என் தகப்பன் பாட்டன் யாரும் யூதரில்லை, நான் அதைச் சொல்லலாமா என்று கேட்டார். மைமோனிதஸ் நீளமாகவே பதில் எழுதினார். எல்லாவற்றையும் அப்படியே சொல், ஒரு சொல்லையும் மாற்றாதே, மாறி வந்த எல்லோருக்கும் ஆபிரகாமே தகப்பன் என்றார். உன் வம்சத்தை அற்பமாக எண்ணாதே, நாங்கள் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு வழியில் வந்தவர்கள் என்றால், நீ உலகத்தைச் சொல்லால் உண்டாக்கியவரோடு நேரே சேர்ந்தவன் என்றார். அந்தக் கடிதம் ஆங்கில மொழிபெயர்ப்பில் எளிதாகக் கிடைக்கிறது. மூன்றாவது முறை ரப்பிக்கு எழுதுவதற்கு முன் உங்கள் நண்பர் அதை ஒரு தடவை படிக்கட்டும்.